அடையாள அட்டை உறைக்குள் பன்னிரண்டு குளிசைகள்

நெஞ்சு வருத்தம் என்கிற நோய் ஆண்களுக்கு வருவது என்றே நாற்பத்தொரு வயதுவரை நினைத்திருந்தேன். எங்கள் லிங்கநகர் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள், அப்படி விழுந்தவர்கள் மூன்று பேர். மூவரும் ஆண்கள். மூவருக்கும் சுருட்டும் சாராயமும் பழக்கம். நான் வெற்றிலைகூடப் போடாதவள். மற்ற எல்லா நோய்க்கும் பயந்திருக்கிறேன். ஈரல், சிறுநீரகம், புற்று, விசர்நாய்க்கடி என்று ஒன்று பாக்கியில்லை. வானொலியில் வைத்தியர் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும் அன்று பின்னேரமே அதன் அறிகுறி எனக்குத் தெரியத் தொடங்கிவிடும். இதயத்துக்கு மட்டும் நான் பயப்பட்டதே இல்லை. வந்தது அதுதான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பேன். என் கணவருக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து மாவு மூட்டை இறக்குகிற வேலை. ஒரே மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்பில் இருக்கிறாள். சமாதானக் காலம் முடிந்து சண்டை மறுபடி தொடங்கிய நாட்கள் அவை. தண்ணீருக்கடியில் யாரும் நீந்தி வந்துவிடக்கூடாது என்று கடற்படையினர் துறைமுகத்துக்குள் இடைக்கிடை வெடி போடுவார்கள். சத்தம் பெரிதாகக் கேட்காது. நிலம் ஒருமுறை அதிரும், தையல் மெஷினின் ஊசி நடுங்கும், அவ்வளவுதான்.

முதல் நோவு வந்ததும் மெஷினுக்கு முன்னால் இருந்தபோதுதான். நடு நெஞ்சில் ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு. அது மேலே ஏறித் தாடைக்குள் போய்க் கடைவாய்ப் பல் முழுக்கப் பரவியது. பல்லில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கராம்பு கடித்தேன். பத்து நிமிடத்தில் போய்விட்டது. அடுத்த கிழமை கிணற்றடியில் வந்தது. பிறகு சந்தைக்கு நடக்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும்.

கணவரிடம் சொன்னேன். வெடிச் சத்தத்துக்குத்தான் நெஞ்சு இடிக்கிறது, ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். அவரைக் குற்றம் சொல்ல ஏலாது. அதற்கு முன்னே எத்தனை தரம் எனக்குப் புற்று வந்திருக்கிறது, எத்தனை தரம் அவர் வேலையை விட்டுவிட்டு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வெறும் இரும்புச்சத்துக் குளிசையோடு திரும்பி வந்திருக்கிறார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றித் தந்து, "குடிச்சிட்டுப் படு. உனக்குப் பயம், வேறொண்டுமில்லை" என்றார்.

"பயம்" என்ற சொல்லை அதன் பிறகு ஒரு வருடம் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் வயர் ஒட்டி இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாக வரைகிற சோதனை. நோ இல்லாத நேரத்தில் எடுத்ததால் கோடு நன்றாகவே இருந்தது. ஆனாலும் வெளிமாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கடிதம் தந்து அனுப்பினார்கள். அதன் பெயர் இங்கே வேண்டாம். விடியப் பஸ் ஏறி, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி நடந்து, மறுபடி ஏறி, போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அங்கே ஓடுகிற பட்டி ஒன்றின் மேலே நடக்கவிட்டார்கள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை, முறுக்கு வந்தது. காகிதத்தில் கோடு மாறுகிறது என்று சொல்லிக் கட்டிலில் வளர்த்தினார்கள். அடுத்த மாதம் அஞ்சியோகிராம் செய்தார்கள். தொடையடியில் ஊசித்துளை போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை ஏற்றி, சாயம் செலுத்திப் படம் பிடிப்பார்கள். சாயம் போகும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவியது. உடுத்தபடியே சலம் போய்விட்டேனோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி எதுவும் இல்லை, எல்லாருக்கும் அந்தச் சூடு வருமாம். இதை வாசிக்கிற யாருக்காவது இனிமேல் செய்ய வேண்டி வந்தால் பயப்படாமல் இருப்பதற்காக எழுதுகிறேன்.

அடைப்பு எங்கேயும் இல்லை. குழாய்கள் சுத்தம். அங்கிருந்த பெரிய வைத்தியர் சிங்களத்தில் சொன்னதை ஊழியர் ஒருவர் தமிழில் சொன்னார்: "உங்கட இதயம் இருபது வயசுப் பிள்ளையின்ர இதயம் மாதிரி. இது மனப்பயம். வீட்ட போய்ச் சந்தோசமா இருங்க."

கணவர் பஸ்ஸுக்குள் மாம்பழம் வாங்கித் தந்தார். வழிமுழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். நான் மாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அடைப்பு இருக்கிறது என்றிருந்தால் அழுதிருக்கமாட்டேன். என் பயத்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அது வயிற்றில் தொடங்கும், கை குளிரும், ஆயிரம் யோசனை ஓடும். இந்த நோ வரும்போது ஒரு யோசனையும் ஓடுவதில்லை. இது அது இல்லை. ஆனால் படமே எடுத்துப் பார்த்துவிட்டார்களே, இனி யாரிடம் போய்ச் சொல்வது?

அதன் பிறகு நோ வந்தால் குசினிக்குள் போய் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு பல்லைக் கடிப்பேன். யாருக்கும் சொல்வதில்லை. நான்கு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் கிணற்றுக் கட்டோடு சரிந்து விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வாட்டில் விட்டார்கள்.

அந்த வாட்டில்தான் டொக்டரம்மாவைச் சந்தித்தேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும். என் பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, இதுவரை இருதயம் பார்த்த யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"மாதவிடாய் கடைசியா எப்ப வந்தது?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. நெஞ்சு நோவுக்கு வந்தவளிடம் இதென்ன கேள்வி? நான்கு வருடம் என்றேன். நாற்பத்தொரு வயதில் நான்கு வருடமா என்று காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். சத்திரசிகிச்சையைப் பற்றிச் சொன்னேன்.

முப்பத்தேழு வயதில் எனக்கு வலப்பக்கச் சூலகத்தில் கட்டி வந்தது. கருப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக இருக்கிற முட்டைப் பைதான் சூலகம். கட்டி பெரிது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். முதல்நாள் பின்னேரம் சத்திரசிகிச்சை வைத்தியர் கட்டிலடிக்கு வந்து, இடப்பக்கச் சூலகம் நல்லாயிருக்கிறது, அதை விட்டுவிடலாமா என்று என்னிடமே கேட்டார். எனக்கு அந்த ஊசி, அந்தக் கத்தி எல்லாவற்றையும்விட ஒரு பயம் பெரிதாக இருந்தது. மிச்சம் விட்ட சூலகத்திலும் நாளைக்குக் கட்டி வந்தால்? அந்த நேரம் பாதை பூட்டிக் கிடந்தால்? வைத்தியர் இல்லாமல் போனால்? சண்டை நடந்த காலங்களில் பாதை பூட்டுவதும் வைத்தியர் இல்லாமல் போவதும் நான் கற்பனையில் கண்டவை அல்ல. மூதூர்ப் பக்கத்தில் படகு ஓடாமல் பிள்ளைப்பேற்றுக்கு இறந்துபோன பெண்ணை எனக்குத் தெரியும். அதனால் இரண்டையும் எடுத்துவிடச் சொன்னேன். வைத்தியர் இரண்டாம் முறையும் கேட்டார். யோசித்துச் சொல்லச் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. ஒன்றும் மிச்சம் வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கையெழுத்து வைத்தேன். எடுத்து முடிந்தபின், வாழ்க்கையில் நான் செய்த ஒரேயொரு கெட்டித்தனமான காரியம் அதுதான் என்று நான்கு வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

டொக்டரம்மா கட்டிலில் என் கால்மாட்டில் உட்கார்ந்தார். குருதிக்குழாயின் உட்பக்கம் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். வெங்காயம் வெட்டும்போது ஒவ்வொரு மடலுக்கும் உள்ளே ஒட்டியிருக்கிற மெல்லிய தோல் இருக்கிறதே, அப்படி ஒரு படை குழாய்க்குள் முழுக்க இருக்கிறது என்றார். ஒரே ஒரு கலத்தின் தடிப்புத்தான். சும்மா மூடிக்கொண்டு கிடக்கிற தோல் இல்லை அது, வேலை செய்கிற தோல். அந்தக் கலங்கள் ஒரு வாயுவை உண்டாக்குகின்றன. நைத்திரிக் ஒட்சைட் என்று பெயர். என் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் தமிழில் எழுதித் தந்தார். அது சில விநாடிகள்தான் இருக்கும். அதற்குள் குழாயின் சுவரில் இருக்கிற தசைக்குப் போய், இறுக்கிப் பிடிக்காதே, விடு என்று சொல்லும். தசை விடும், குழாய் விரியும், இரத்தம் போகும்.

"அந்தக் கலங்களுக்கு வாயுவை உண்டாக்கு எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம்," என்றார். "அதில முக்கியமான ஆள் சூலகத்தில இருந்து வாற ஓமோன். ஈஸ்திரோஜன் எண்டு சொல்லுறது. அது இரத்தத்தோட போய் அந்தக் கலங்களுக்குள்ள இருந்து வேலை வாங்கும். அதாலதான் மாதவிடாய் நிக்குமட்டும் பொம்பிளையளுக்கு நெஞ்சு வருத்தம் குறைவு."

கேட்காமலிருக்க முடியவில்லை.

"அப்ப நான் சொல்லித்தானே, டொக்டர், ரெண்டையும் எடுத்தவை?"

என் காகிதங்களை அடுக்கினார்.

"அண்டைக்கு உங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் அம்மா. எடுத்த எல்லாருக்கும் இப்பிடி வாறதுமில்லை. உங்களுக்கு வந்திருக்கு. இனி என்ன செய்யிறது எண்டு பாப்பம்."

பிறகு மிச்சத்தையும் சொன்னார். படத்தில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டும்தானாம். "பெரிய றோட்டுத் திறந்துதான் கிடக்கு. ஒழுங்கையளைத்தான் பூட்டி வச்சிருக்கு. படத்தில ஒழுங்கை விழாது." திருகோணமலையில் இருந்துகொண்டு இது விளங்காமல் போகுமா? பயத்தைப் பற்றியும் கேட்டேன். பயத்துக்கும் பங்கு இருக்கிறது என்றார். பயந்து பயந்து இருக்கிற உடம்பில் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பி வேறொரு ஓமோனை விடும். அது நாட்கணக்காக இரத்தத்தில் நின்றால் அதே கலங்களின் வேலையைக் குறைத்துவிடுமாம். ஒரு ஓமோன் இல்லாமல் போய்விட்டது, இன்னொன்று கூடிவிட்டது, இரண்டும் சேர்ந்து வாயுவைக் குறைத்துவிட்டன. "ஆனா இது பயம் இல்லை. வருத்தம். ரெண்டும் வேற," என்றார்.

பக்கத்துக் கட்டிலில் கிடந்த தோப்பூர் ரகுமத்தும்மா எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஈளை வருத்தக்காரி. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கும், ஆனால் பேச்சை நிறுத்தமாட்டார். டொக்டரம்மா போனதும், "என்ன புள்ள, வருத்தம் இருக்குன்டு சொன்னா சிரிக்கிற பொம்புளய இப்பதான் பாக்கன்," என்றார். நான் சிரித்தது எனக்கே தெரியவில்லை.

இல்லாமல்போன ஓமோனைக் குளிசையாகத் திருப்பித் தர முடியாதா என்று அடுத்தநாள் கேட்டேன். அது லேசான காரியம் இல்லையாம். இரத்தம் உறைவது முதலாய் வேறு கேடுகள் வரலாம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்குக் காலில் ஒருதரம் இரத்தம் கட்டியிருந்ததால் இன்னும் யோசிக்க வேண்டும், பெண்நோய் வைத்தியரோடு கதைப்பதாகச் சொன்னார். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் குடிக்கக் குளிசை ஒன்று, நோ வந்தால் நாக்கின் கீழே வைக்கக் குளிசை ஒன்று. தினம் நடக்கவும் வேண்டும். நடந்தால் இரத்தம் வேகமாக ஓடிச் சுவரை உரசும், அந்த உரசலுக்கும் அந்தக் கலங்கள் வாயுவை விடும்.

வீட்டுக்கு விடுகிற நாள் சின்ன மண்ணிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கையில் தந்தார். உள்ளே முப்பது குளிசை, மிளகளவுகூட இல்லை. அது எப்படி வேலை செய்யும் என்று சொன்னார். இந்த மருந்து உடம்புக்குள் போனதும் அதே நைத்திரிக் ஒட்சைட்டைத்தான் விடும், கலங்கள் செய்யாமல் விட்டதை வெளியிலிருந்து கொடுக்கிறோம் என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "வேடிக்கை என்னெண்டா, மலை உடைக்கிற வெடிக்குள்ள இருக்கிற சாமானும் இதுதான். பயப்பிடாதேங்கோ, குளிசை வெடிக்காது," என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை. வாய் அசைவதைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன். வெடி என்ற சொல் மட்டும் உள்ளே நின்று சுற்றியது.

வீட்டுக்கு வந்ததும் போத்தலை ஒழுங்கை மூலையில் இருந்த ஆசிரியரிடம் காட்டி, ஒட்டியிருக்கிற இங்கிலிசில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். கடைசியில் "நைட்ரேட்" என்று முடிந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியும். வயல்காரர்கள் பசளை கொண்டுபோக ஏலாமல் சாவடிகளில் நின்று கெஞ்சியது அந்தச் சொல்லால்தான். அது இருந்தால் குண்டு செய்யலாம் என்று பசளை மூட்டைகளை இறக்கி வைத்தார்கள். தடியடி பட்டவர்களையும் தெரியும். லாம்புக்குப் பற்றறி கொண்டுபோனவனையே பிடித்துக்கொண்டு போன காலம். இப்போது அந்தப் பெயரை எழுதிய போத்தலோடு நான் சாவடி தாண்ட வேண்டும்.

கணவரிடம் கேட்டால் சிரிப்பார் என்று கேட்கவில்லை. குளிசைகளை எல்லாம் வெள்ளைத் தாளில் கொட்டினேன். பன்னிரண்டை எடுத்துத் தாளில் மடித்து அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், அட்டைக்குப் பின்னால் வைத்தேன். அட்டையை நான் எப்போதும் சட்டைக்குள்தான் வைப்பேன், நெஞ்சுக்குப் பக்கத்தில் மருந்தும் இருக்கட்டும் என்று நினைத்தேன். மிச்சத்தைச் சின்னப் பொலித்தீனில் முடிந்து, சண்டை வந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குக் கட்டி வைத்திருந்த பைக்குள் போட்டேன். பெயர்த்தாளை அடுப்பில் எரித்தேன். போத்தலைக் கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்தேன். வேலை முடிந்ததும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

முதல் கிழமை குளிசை வேலை செய்தது. நாக்கின் கீழே வைத்தால் கொச்சிக்காய் பட்டது போலச் சுரீரென்று எரியும். இரண்டு நிமிடத்தில் முறுக்கு அவிழும். பிறகு தலை இடிக்கும். தலைக்குள் இருக்கிற குழாய்களும் விரிவதால் அந்த இடி வருமாம். இரண்டாம் கிழமை எரிவு குறைந்தது. மூன்றாம் கிழமை இரண்டு வைத்தேன். பிறகு எத்தனை வைத்தாலும் நோவுக்குக் கேட்கவில்லை. ஓடும் பையிலிருந்து எடுத்து வைத்தாலும் அதே கதைதான். வருத்தம் மருந்தை வென்றுவிட்டது, இனித் தப்ப ஏலாது என்று முடிவெடுத்தேன்.

கணவர் வேறு முடிவெடுத்தார். அதை அவர் கோபத்தில் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகத்தான் சொன்னார்.

"நெஞ்சு வருத்தத்துக்குக் குடுத்த மருந்துக்கே கேக்கேல்லை. அப்ப அது நெஞ்சு வருத்தமில்லைத்தானே. இனி இதைப் பற்றி என்னோட கதைக்க வேண்டாம்."

யோசித்துப் பார்த்தால் எனக்கே சரியாகத்தான் பட்டது. டொக்டரம்மாவும் பாவம், என்னை நம்பி ஏமாந்துபோனார் என்று நினைத்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து உப்புவெளிக்குச் சீருடை கொடுக்கப் போனேன். வழியில் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பெண்களுக்கு வேறு வரிசை. வெயில் தலையில் இறங்கியது. எனக்கு முன்னால் நான்கு பேர் நிற்கும்போது முறுக்குத் தொடங்கியது. இந்த முறை தாடையோடு நிற்காமல் இடது கை விரல் நுனிவரை ஓடியது. வரிசையைவிட்டு விலகக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. அட்டையை எடுத்தேன். உறையிலிருந்து தாளை இழுக்கும்போது அது விரிந்து, குளிசைகள் மண்ணில் சிதறின.

சோதனை செய்துகொண்டிருந்த பெண் சிப்பாய் துவக்கைத் திருப்பிப் பிடித்தபடி வந்தாள். மண்ணில் கிடந்த வெள்ளைப் பொட்டுகளைக் காலால் காட்டினாள்.

"இது என்ன? பேர் இல்லை? போத்தல் இல்லை?"

பெயர் தெரியக்கூடாது என்று நான் எரித்ததையும் புதைத்ததையுமே அவள் கேட்டாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன், குனிந்து பொறுக்கினேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றை நாக்கின் கீழே வைத்தேன். எரியவில்லை. இன்னொன்று வைத்தேன். மண்தான் கரகரத்தது. மூன்றாவதும் அப்படியே. பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற யோசனைகூட வரவில்லை. எனக்குப் பயமே இருக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பயந்தவள், பயப்பட வேண்டிய இடத்தில் பயமில்லாமல் நின்றேன். அப்போதுதான் எனக்கே உறுதியாகத் தெரிந்தது. இது பயம் இல்லை, நான் சாகப்போகிறேன்.

என் முகத்தில் அந்தப் பெண் எதைக் கண்டாளோ தெரியாது. துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு என்னை மண்மூட்டையில் இருத்தினாள். வரிசையில் நின்ற ஓட்டோவை மறித்து, எனக்கு விளங்காத மொழியில் சாரதியை அதட்டினாள். அட்டையை என் கையில் திணித்தாள். ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலில் நின்றது வரைக்கும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது நெஞ்சில் வயர்கள். நோ இன்னும் இருந்தது. நோ நிற்கும்போதே கோடு எடுக்கட்டும் என்று டொக்டரம்மா சொல்வது கேட்டது. காகிதம் ஓடியது. பிறகு மிஸி, அதாவது தாதி, வாட்டுப் போத்தலிலிருந்து ஒரு குளிசையை என் நாக்கின் கீழே வைத்தார். சுரீரென்று எரிந்தது. அந்த எரிவில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். முறுக்கு விரல் நுனியிலிருந்து பின்வாங்கியது, கையிலிருந்து, தாடையிலிருந்து. தலை இடிக்கத் தொடங்கியது. மறுபடி காகிதம் ஓடியது.

என்னிடமிருந்த குளிசை எரியவில்லையா என்று டொக்டரம்மா கேட்டார். இல்லை என்றேன். போத்தல் எங்கே என்றார். அட்டை உறையையும் அடுப்பையும் வாழையடியையும் பற்றி ஒளிக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"அது கண்ணாடிப் போத்தலுக்குள்ள இறுக்கி மூடித்தான் இருக்க வேணும் அம்மா. தாளில வச்சா, பொலித்தீன்ல வச்சா மருந்து ஆவியாப் போயிடும். உடம்புச் சூடும் பட்டிருக்கு. நீங்கள் வச்சிருந்தது வெறும் மாக்கட்டி. நான் சொன்னனான் தானே?"

சொல்லியிருப்பார். வெடி என்ற சொல்லுக்குப் பிறகு சொல்லியிருப்பார். வென்றது வருத்தம் இல்லை, தோற்றது மருந்தும் இல்லை. என் மருந்தை நானே செத்த மருந்தாக்கி நெஞ்சில் சுமந்து திரிந்திருக்கிறேன். சூலகத்தைப் பயத்தில் கொடுத்தேன், அது செய்த வேலைக்கு மாற்றாகத் தந்த மருந்தையும் பயத்திலேயே காற்றுக்குக் கொடுத்தேன். நாக்கடிக் குளிசை வைத்திருக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து போத்தலை விட்டு அதை எடுக்காதீர்கள். பெயர்த்தாளையும் கிழிக்காதீர்கள். பெயரில்லாத மருந்தைத்தான் சந்தேகப்படுவார்கள்.

இப்போதும் எனக்கு அந்த வருத்தம் இருக்கிறது, ஆனால் குறைவு. வளவைச் சுற்றிக் காலை பின்னேரம் நடக்கிறேன். ஊரடங்கு நாட்களிலும் வேலிக்குள் நடக்க யாரும் தடை சொல்வதில்லை. நான் எழுத நினைத்தது உண்மையில், சாவடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைய பின்னேரத்தைப் பற்றித்தான்.

பார்வையாளர் நேரத்துக்குக் கணவர் ஓடி வந்தார். வேலை உடுப்போடு, மயிர் முழுக்க மாவு. கட்டிலடிக்கு வந்ததும் பழக்கத்தில், "திரும்பவும் பயந்திட்டியோ?" என்றார்.

எதிர்ப்பக்கக் கட்டிலில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டரம்மா திரும்பி வந்தார். இரண்டு காகிதத் துண்டுகளை அவர் முன்னால் கட்டிலில் விரித்தார். என் கணவருக்கு இங்கிலிஷ் தெரியாது. கோட்டை வாசிக்க மொழி தேவையில்லை. ஒன்றில் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கோடு பள்ளத்தில் விழுந்து கிடந்தது. மற்றதில் எழுந்து நேராக ஓடியது.

"இது நோ இருக்கேக்க எடுத்தது. இது குளிசை வச்சு அஞ்சு நிமிசத்தில எடுத்தது. பயத்தில கோடு இப்பிடி விழாது ஐயா. அவவின்ர இதயத்துக்கு இரத்தம் போகேல்லை."

அவர் மாவு படிந்த விரலால் அந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். காகிதத்தின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை தொட்டுக்கொண்டு போனார். டொக்டரம்மா போனபிறகும் தொட்டுக்கொண்டிருந்தார். ரகுமத்தும்மா மாதிரி அன்று யாராவது பக்கத்துக் கட்டிலில் இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார்கள். அன்று யாரும் இல்லை.

"எத்தினை நாளா இப்பிடி?" என்றார்.

"ஒரு வருசம்."

"குசினிக்குள்ள போய் நிப்பியே, அதுவும் இதுதானோ?"

அவர் பார்த்திருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஓம் என்றேன்.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தார்.

"முதல்ல இருந்து சொல்லு. எப்பிடி நோகும், எங்க தொடங்கும், எல்லாம்."

சொல்லத் தொடங்கினேன். மெஷினில் இருந்து சொன்னேன், கராம்பு கடித்ததைச் சொன்னேன். அவர் ஒருதரமும் குறுக்கே பேசவில்லை. மாம்பழத்தை மடியில் வைத்து அழுததுவரை வந்தபோது பார்வையாளரை வெளியே போகச் சொல்லி மணி அடித்துவிட்டார்கள். காகிதங்களைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்தநாள் பார்வையாளர் நேரம் தொடங்கிக் கதவைத் திறந்தபோது முதல் ஆளாக வாசலில் நின்றார். வேலைக்குப் போகவில்லை. நேரே வந்து கதிரையில் உட்கார்ந்து, "ஓம், பிறகு?" என்றார்.